நாடி பார்க்காத வைத்தியம்

கழற்றிய ஸ்பார்க் பிளக்கை அருணகிரி முதலில் மோந்து பார்ப்பார். பிறகுதான் கண்ணாடியை மாட்டுவார். செங்கம் சாலையில் இருபது வருடமாகக் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவர். வண்டிக்காரர்கள் தாங்களே நோய் சொல்ல ஆரம்பித்தால், "அப்ப நீங்களே பாத்துக்குங்க" என்று டீ குடிக்கப் போய்விடுவார்.

"இஞ்சின் போச்சு" என்ற சொல்லைக் கேட்டால் அவருக்குக் காது மடல் சிவந்துவிடும். "நாடி பாக்காமயே பாடை கட்றானுங்க" என்பார்.

1993 ஆவணியில் அப்படிப் பாடை கட்டப்பட்ட ஒரு ஜப்பான் கார், டிராக்டரின் பின்னால் கயிற்றில் வந்தது. ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்து, தமிழ் பேசவும் கற்றிருந்த எல்சா என்ற வெள்ளைக்கார அம்மாவின் வண்டி. பிஸ்டன் கிடையாது, முக்கோண ரோட்டர்கள் இரண்டு சுழன்றே ஓடுகிற ரோட்டரி இஞ்சின். ஆறு நாளில் அதைச் சென்னையில் கப்பலேற்றாவிட்டால், வெளிநாட்டு வண்டியை இங்கே வைத்திருக்கக் கொடுத்த அனுமதி முடிந்துவிடும்.

"ஆதிமூலம் சார் சொன்னார், இஞ்சின் செத்துடுச்சு. பழைய இரும்பு வெலைக்கு அவரே எடுத்துக்கறாராம்" என்றார் எல்சா.

"பிளக்க கழட்டிப் பாத்தானா?"

"இல்ல. சத்தம் மட்டும் கேட்டார்."

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பெரிய ஒர்க் ஷாப் வைத்திருக்கும் ஆதிமூலம், அருணகிரியின் மனைவி தங்கம்மாளுக்குத் தம்பி.

அருணகிரியும் அப்படியொரு இஞ்சினை அன்றுதான் பார்த்தார். ஒவ்வொரு ரோட்டருக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்றாக நாலு பிளக். கீழ்ப் பிளக்குகள் இரண்டும் பெட்ரோலில் நனைந்து நாறின. பொறியே இல்லை. மேல் பிளக்குகளில் நீலப்பொறி சடசடத்தது. "ரெண்டும் ஒரே நாள்ல ஒண்ணா சாவுமா?" என்று முணுமுணுத்தபடி ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். கீழ்ப் பிளக்குகளுக்குப் பொறி மின்சாரம் தர ஒரு காயில், மேலே உள்ளவற்றுக்கு இன்னொன்று. இரண்டும் அச்சு அசல் ஒன்றே; கீழ்க் காயில்தான் செத்திருந்தது. நெருப்பை முதலில் மூட்டுவது கீழ்ப் பிளக்குகள், மேலே உள்ளவை துணைக்குத்தான். மேல் காயிலைக் கழற்றிக் கீழ்ப் பிளக்குகளுக்கு மாட்டினார். பிளக்குகளைத் துடைத்துக் காயவைத்தார்.

சாவியை இரண்டாவது முறை திருப்பியதும் குபீரென்று புகை கக்கி இஞ்சின் ஓட ஆரம்பித்தது. எல்சா கைகூப்பினார். அருணகிரிக்குச் சிரிப்பு வரவில்லை.

சோறு கொண்டுவந்த தங்கம்மாள் எல்சா சொன்னதைக் கேட்டாள், புருஷன் முகத்தையும் பார்த்தாள். "தம்பிய நாலு பேரு முன்னால எதுவும் கேட்டுடாதீங்க."

"அவன் நாலு பேரு முன்னாலதான சொன்னான்? தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். இவனுக்குத் தெரியாத இஞ்சின்னா அது செத்த இஞ்சினா? அந்தம்மா கப்பல வுட்டுட்டிருந்தா யாரு பதில் சொல்றது?"

சோற்றைத் தொடாமல், எல்சாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காரை அவரே ஓட்டிப்போனார். ஒர்க் ஷாப் வாசலில் நிறுத்தினார், இஞ்சினை அணைக்கவில்லை. வேலையாட்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். கடைசியில் ஆதிமூலம் கைதுடைத்துக்கொண்டு வந்தான். காரைப் பார்த்தான், எல்சாவைப் பார்த்தான், பிறகு இளித்தான்.

"வாங்க மாமா. வெயில்ல எதுக்கு, உள்ள வாங்க. அது வந்து, அன்னிக்கு நான் என்னா சொன்னேன்னா..."

அருணகிரி அவன் முகத்தையே பார்த்தபடி ஆக்சிலேட்டரை அழுத்தினார். இஞ்சின் இரைச்சலில் ஆதிமூலத்தின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அது மூடும்வரை அவர் காலை எடுக்கவில்லை.