செல்லையன் என்றொரு பன்

கேரளத்துப் பாறசாலையில் என் பேக்கரிக்குள் நுழைந்து, ஓவனுக்குச் சொந்தபந்தம் யாரெல்லாம் என்று ஒரு பெண் கேட்பாள் என முப்பது வருடத்துக்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எல்லையிலிருக்கும் பனச்சமூட்டுக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டில் பிறந்தவன் நான். ஒரு பஸ் தூரம் வந்தவனெல்லாம் புலம்பெயர்ந்தவனா என்று கேட்காதீர்கள். துபாய்க்குப் போனவன் லீவுக்காவது ஊருக்கு வருகிறான். நான் பக்கத்திலேயே இருப்பதால் போவதே இல்லை.

படிப்பு நாலாம் வகுப்பு. இன்று என் ரஸ்க் இரண்டு மாநிலத்துத் தேநீரிலும் நனைகிறது. நெய்யாற்றின்கரை தாலுகாவிலேயே காஸ்டிங் சாஃப்ட்வேர் வாங்கிய முதல் பேக்கரிக்காரன் நானாகத்தான் இருப்பேன். எந்தச் சரக்கு எவ்வளவு செலவைத் தின்கிறது என்று அது சொல்லும். செலவு தின்னும் ஒவ்வொன்றுக்கும் காஸ்ட் ஆப்ஜெக்ட் என்று பெயர். அதை அமைத்துக்கொடுக்க வந்த ரஜிதா மலையாளத்தில் கேட்டாள்: "அங்கிளே, ஓவனுமாயிட்டு பந்தமுள்ள காஸ்ட் ஆப்ஜெக்ட் ஏதொக்கெயா?"

ஓவனோடு சேர்ந்த சரக்குகளைத்தான் கேட்டிருக்கிறாள். எனக்குப் பந்தம் என்றால் சொந்தபந்தம்.

"முதல்ல செல்லையனப் போடு மக்கா. இருவது வருசமா ஓவன்பக்கம் அவனாக்கும். மாவும் வெண்ணெயுமா தின்னு தீர்ப்பான். பிறகு லில்லி. வாரம் மூணு பாக்கெட் பிஸ்கட்டு சபைப் பெண்களுக்குப் போவும்."

செல்லையன் என் மச்சினன், கையை நீட்டியே ஓவன் சூட்டை அறிகிறவன். லில்லி என் மனைவி, அவனுடைய அக்கா. "நல்ல பேரு" என்று ரஜிதா இருவரையும் பதிந்துகொண்டாள்.

மறுநாள் கலர்த் தாளில் ரிப்போர்ட் வந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அழகு தெரியும்; ஓவன் சுவரில் ஒட்டினேன். பத்தாம் வகுப்பு படித்த செல்லையன் வாசித்தான். லில்லிக்கு விலை கூட்டலாம். செல்லையனை நிறுத்திவிடலாம்.

"நிறுத்துகதுக்கு நான் என்ன அச்சப்பப் பலகாரமா அத்தான்? மனுசனாக்கும்!" கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவாமல் பனச்சமூட்டு பஸ்ஸில் ஏறிவிட்டான்.

அன்று மூன்று தட்டு ரஸ்க் கரிந்தது. மூன்றும் நான் சுட்டவை. இப்படியே போனால் ஒரு வாரத்தில் கடையைப் பூட்டவேண்டியதுதான். வீட்டில் லில்லி அடுப்பே பற்றவைக்கவில்லை. "எனக்க தம்பிய நிறுத்தினா, உங்களுக்குச் சோறும் நிறுத்தியாச்சு."

ரஜிதாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "சாயா வேணோ?" என்று மலையாளத்தில் கேட்டார். என் சொந்த ஊரில்.

செல்லையன் வாசலிலேயே மறித்தான். "என்ன, சரக்கு திருப்பி எடுக்க வந்தியளா?"

"சேட்டா, க்ஷமிக்கணம். பன்னின்றெ பேராணென்னா ஞான் கருதியது" என்று மன்னிப்புக் கேட்டாள் ரஜிதா.

"பன்னா! அப்ப எங்க அக்கா?"

"பிஸ்கட்டு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவன், சட்டையை மாட்டிக்கொண்டு எங்களுடனேயே கிளம்பிவிட்டான்.

ரஜிதா மறுபடி ஒழுங்காக அமைத்தாள். திரையில் கேரளா ரஸ்க் ஒரு பெட்டி, தமிழ்நாடு ரஸ்க் ஒரு பெட்டி, இரண்டையும் சேர்த்து ஒரு கோடு. ஒரே மாவு, ஒரே சூடு. உறை மட்டும் வேறு.

"அங்கிளின்றெ சம்பளம் ஏதில் இடணம்?"

"ரெண்டுலயும்."

"ஒந்நிலே பற்றூ." ஒன்றில்தான் போட முடியுமாம்.

தமிழ்நாட்டுப் பெட்டியைக் காட்டினேன். பிறகு கேரளாவைக் காட்டினேன். ஓவன் பக்கமிருந்து செல்லையன் கத்தினான்: "ஒண்ணுலயும் போடாத கொச்சே! பொறவு அது அத்தானயும் நிறுத்தச் சொல்லிரும்."

நான் ஒரு முடிவு சொல்லும்வரைக்கும் இருக்கட்டும் என்று ரஜிதா என் பெயரை நடுவிலிருந்த கோட்டின்மேல் வைத்துவிட்டுப் போனாள். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.