ஒற்றைக் காதுக்கு அரை மணி நேர ஆல்பங்கள்

வலது பக்கத்துக் கிட்டாரைக் காணவில்லை. எனக்கு நோய் வந்தது அப்படித்தான் தெரிந்தது.

கள்ளக்குறிச்சிக்கு டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காதில் ஈரமணல் என்ற புதுச்சேரிக் குழுவின் 'மீட்டர் பெட்டி' ஆல்பம். அதில் ஒரு கிட்டார் இடது காதில் கேட்கும், மற்றொன்று வலது காதிலிருந்து பதில் சொல்லும். அன்று பதில் வரவில்லை. இயர்போன் போய்விட்டது என்று நினைத்து இரண்டு முனைகளையும் மாற்றி மாட்டினேன். மௌனம் இடம் மாறவில்லை. வலது காதில் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நிற்பது போல ஓர் இரைச்சல் மட்டும் இருந்தது.

அதிகம் பேர் அறியாத ராக் ஆல்பங்களைப் பரிந்துரைத்துத் தமிழில் எழுதுகிறவள் நான். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவளும் நான்தான். இந்த இசையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானே தேடினேன், நானே எழுதினேன், முகம் தெரியாத பலரைக் கேட்க வைத்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. காது போனால் இதெல்லாம் போகும்.

கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டில் காதுக்கு ஒரே வைத்தியம், பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய்.

"வலியே இல்லம்மா. கேக்கலன்னுதான் சொல்றேன்."

"வலி இல்லன்னா குளுமை ஜாஸ்தின்னு அர்த்தம். சாயி" என்று அம்மா ஊற்றினார். மறுநாளும் ஊற்றினார். நானும் சாய்ந்து கொடுத்தேன்.

அப்படிச் செய்யாதீர்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றே காது மருத்துவரிடம் போங்கள். தாமதிக்கத் தாமதிக்கக் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு குறைகிறது.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நாளில் இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிக்காரர்கள் சாலையில் மரக்கிளைகளைப் போட்டிருந்தார்கள். அப்பாவின் மொபெட்டை மறித்தவர்களின் நடுவில் எங்கள் சித்தப்பா.

"எங்கண்ணே போறீங்க? இன்னிக்கு ஒண்ணும் ஓடாது."

"பொண்ணுக்குக் காது கேக்கலடா."

சித்தப்பா என்னைப் பார்த்தார். "நாங்க இம்மாம் கத்து கத்துறோமே, அது கூடவா?"

"இடது பக்கம் வந்து கத்துங்க சித்தப்பா, கேக்கும்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "படிச்ச புள்ளைங்களுக்காவத்தான் வெயில்ல குந்திக்கினு இருக்கோம். அதையே மறிச்சா எப்பிடி? கிளைய நவுத்துங்கடா" என்றார் சித்தப்பா.

மருத்துவர் ஆடியோகிராம் (எந்தெந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் கோட்டுப்படம்) எடுத்தார். உள்காது நரம்பு பாதிக்கப்பட்டிருந்தது. காரணம் பெரும்பாலும் தெரியவராது என்றார்.

"எந்நேரமும் அந்தக் கத்தல் பாட்டக் கேட்டுக்கினே கெடக்குறா டாக்டர்" என்று அப்பா முறையிட்டார்.

"பாட்டு ரெண்டு காதுலயும்தானே போச்சு? ஒண்ணு மட்டும் எப்படிங்க கெடும்?" என்று கேட்டார் மருத்துவர். அதுவரை நானும் மனதுக்குள் பாட்டைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸ்டீராய்டு (வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) மாத்திரைகள் போதவில்லை. செவிப்பறை வழியே ஊசி போட்டார்கள். அது ஒரு சுருக்கென்ற வலிதான். அதன் பிறகுதான் கஷ்டம். நோயுற்ற காது மேலே இருக்க, அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். பேசக் கூடாது, எச்சில் கூட விழுங்கக் கூடாது. நல்ல காது தலையணையில் புதைந்திருக்கும். முதல் முறை பயத்திலேயே அந்த நேரம் போனது.

அடுத்த முறை தலையணைக்கு அடியில் போனை வைத்தேன்.

இப்படிப் படுப்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஏழாம் மாடி என்ற குழுவின் 'ஈரத்துணி'யைக் கேளுங்கள். மொட்டை மாடியில் ஒரே மைக் வைத்துப் பதிந்தது. மோனோ (இரண்டு காதுக்கும் ஒரே ஒலி) என்பதால் ஒற்றைக் காதுக்கு எதுவும் குறையாது. பாடுகிறவள் மூச்சு வாங்குவது கூடக் கேட்கும். முடியும்போது சரியாக நர்ஸ் வந்து எழுப்புவார். பம்ப்செட் மூவரின் 'கால்வாய்' இன்னும் நீளம், ஆனால் அதன் பேஸ் கிட்டார் தலையணை வழியே தாடை எலும்பில் ஏறும். மற்ற ஆல்பங்களுக்கும் போன் அமைப்பில் மோனோ வசதி உண்டு, போட்டுக்கொள்ளுங்கள். வேகமான டிரம்ஸ் மட்டும் வேண்டாம், கால் தன்னால் ஆடி நர்ஸிடம் திட்டு வாங்குவீர்கள்.

கடைசி ஊசிக்குப் பிறகு எடுத்த கோட்டுப்படத்தில் தாழ்ந்த சுருதி ஒலிகள் திரும்பியிருந்தன. உயர்ந்த சுருதி ஒலிகள் பாதிதான். இன்னும் கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். அன்று மாலையே என் இணையப் பக்கத்தில் ஓர் ஆல்பத்தைப் பற்றி எழுதினேன். இப்போது எழுதும்போது எனக்கு எது கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். வாசகர்கள் அதைக் கேட்டுச் சொல்கிறார்கள்.

ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறிய இரண்டு காதும் சமமாகக் கேட்க வேண்டுமாம். போன வாரம் அப்பாவோடு மலைக்குப் போயிருந்தேன். ஊர் திரும்பும்போது வெள்ளிமலை பஸ் நிறுத்தத்தில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முன்பென்றால் சட்டென்று திரும்பியிருப்பேன். இப்போது நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றினேன். சாமை வயல், ஜீப்புகள், மேகம் இறங்கிய மலை, டீக்கடை, எல்லாம் கடந்து பஸ் ஜன்னலில், முன்னாலேயே ஏறி இடம் பிடித்துவிட்ட அப்பா.

"இன்னாம்மா தட்டாமாலை சுத்திக்கினு இருக்கிற? இங்கதான் இருக்கேன்."

"வந்துக்கினே இருக்கேன்பா" என்றேன்.