சோலையம்மாள் கிணற்றில் குதித்த கதை

போடி ரயில் புதிதாக ஓடத் தொடங்கிய காலம். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரி ஊரில் சோலையம்மாள் என்றொருத்தி இருந்தாள். அவள் நடைக்கு ஊரில் தனிப் பேர். தலையில் கத்தரிக்காய்க் கூடையோடு சந்தைக்குக் கிளம்பினால், கூடப் போகிறவர்கள் ஓட்டமும் நடையுமாகத்தான் அவளைப் பிடிக்க வேண்டும். புருஷன் சின்னச்சாமி, "ஏ புள்ள, சந்தை எங்கயும் ஓடிப்போயிறாது" என்று பின்னாலிருந்து கத்துவார்.

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியதும் வலது முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் விடியலில் எழுந்திருக்கும்போது மட்டும் பிடித்துக்கொண்டது. அப்புறம் வீக்கம் வந்து, உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. நொச்சி இலை ஒத்தடம், முடக்கத்தான் ரசம், வேப்பெண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. தேய்ஞ்ச காலை அசைக்காமல் வைத்துக்கொள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அசைக்காமல் வைக்க வைக்க முட்டி இன்னும் இறுகிப்போனது. பக்கத்து வீட்டு முனியாயி வந்து பேசிக்கொண்டிருந்தால் பொழுது போகும். அவளும் எழுந்து போய்விட்டால் சோலையம்மாள் சுவரைப் பார்த்தபடி கிடப்பாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விட்டதும் தம்பி விருமாண்டி வந்தான். அக்கா கிடக்கிற கோலத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாளு நம்ம வீட்டுல வந்து இருக்கா" என்று கைத்தாங்கலாக ரயிலேற்றித் திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே இருந்த பிறந்த ஊருக்குக் கூட்டிப் போனான்.

தோட்டத்துக் கிணறு மழையில் மேல்படி வரை நிறைந்து கிடந்தது. சோலையம்மாள் அதன் கரையில் உட்கார்ந்தாள். இந்தக் கிணற்றில்தான் அக்காளும் தம்பியும் நீச்சல் பழகினார்கள். பம்பரமாய்ச் சுற்றிக் குதிப்பார்கள். அடியில் போய்ச் சேற்றை அள்ளிக்கொண்டு வந்து காட்டுவார்கள். கண் சிவந்து, விரல் ஊறி வெளுத்து வீட்டுக்குப் போனால், அம்மா விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பாள். வாங்கிய அடியின் சூடு ஆறும் முன்னே மறுபடியும் கிணறு. வாக்கப்பட்டுப் போன ஊரில் பொம்பளைகள் நீந்துவதில்லை. வயசுக்கு வந்த பிறகு அவள் உடம்பு முழுக்கத் தண்ணீரில் மிதந்ததே இல்லை.

"தம்பி, நான் எறங்கட்டுமா?"

விருமாண்டி சிரித்தான். "எறங்கிருவ. ஏறுறது ஆரு?"

"அதை அப்பறம் பாத்துக்கலாம்டா."

சேலையைத் தாறு பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து நகர்ந்தே இறங்கினாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. அப்படியே கையை விட்டாள். அத்தனை வருஷத்துப் பாரத்தையும் தண்ணீர் வாங்கிக்கொண்டது. பயந்து பயந்து வலது காலை அசைத்தாள். மடங்கியது. இன்னொரு தரம் அசைத்தாள். வலித்தது, ஆனாலும் மடங்கியது.

"டேய் விருமாண்டி, காலு ஓடுதுடா!" என்று அவள் போட்ட சத்தத்தில் கிணற்றுக்குள் கூடு கட்டியிருந்த குருவிகள் பறந்தன. ஏறும்போதும் உட்கார்ந்தே, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக ஏறினாள். அங்கே இருந்த நாளெல்லாம் தினமும் நீந்தினாள்.

ஊர் திரும்பியதும் சின்னச்சாமியிடம் கேட்டாள். "நம்ம கெணத்துலயும் தண்ணி கெடக்குல்ல? நான் போயி நீந்தவா?"

"நரைச்ச தலையோட கெணத்துல குதிச்சா ஊரு சிரிக்கும் புள்ள" என்று சொல்லிவிட்டு அவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

சோலையம்மாள் பொறுத்துப் பார்த்தாள். முட்டி மறுபடி இறுக ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் அவர் உழவுக்குப் போனதும், கம்பை ஊன்றிக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். அந்தக் கிணற்றில் படிகள் செங்குத்து. உட்கார்ந்து இறங்க வழியில்லை. கம்பைக் கரையில் வைத்தாள், குதித்தாள்.

அந்நேரம் ஆட்டுக்கிடையை ஓட்டிக்கொண்டு வந்த சோணை 'தொபீர்' என்ற சத்தம் கேட்டான். கரையில் கம்பு மட்டும் கிடந்தது. கொஞ்ச நாளாகச் சுவரைப் பார்த்துக் கிடந்த பொம்பளை என்பது ஊருக்கே தெரியும்.

"ஐயோ, சோலையம்மாக்கா கெணத்துல விழுந்துருச்சு!"

ஊரே ஓடி வந்தது. சின்னச்சாமி ஏரைப் போட்டது போட்டபடி, தலைப்பாகை அவிழ்ந்து தோளில் தொங்க, வடக்கயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். எட்டிப் பார்த்தார். சோலையம்மாள் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க, ஏன் இம்புட்டுக் கூட்டம்?"

அவர் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். "சொல்லிட்டுக் குதிக்கக் கூடாதா?"

"சொன்னேனே. ஊரு சிரிக்கும்னீக."

சின்னச்சாமி திரும்பிப் பார்த்தார். ஓடி வந்த இளைப்பில் எல்லாரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. முனியாயி அழுதுகொண்டிருந்தாள். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளையிலருந்து நானும் வாரேன். ஏறுறதுக்கு வடத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்" என்றார்.

அப்படித்தான் நடந்தது. வடத்தைப் பிடித்துக்கொண்டு அவள் ஏறுவாள், அவர் மேலே நின்று இழுத்துக் கொடுப்பார். கொஞ்ச நாளில் முனியாயியும் வந்தாள். அவளுக்கு இரண்டு முட்டியிலும் வலி, நீச்சலும் தெரியாது. சோலையம்மாள் காய்ந்த சுரைக்குடுக்கையை அவள் முதுகில் கட்டிவிட்டு, "ஏத்தா, தண்ணிய அடிக்காத, தள்ளு" என்று தாடையைப் பிடித்தபடி கூடவே மிதந்தாள். முனியாயி குடித்த தண்ணீருக்கு ஒரு வயல் பாய்ச்சியிருக்கலாம் என்று சின்னச்சாமி கரையிலிருந்து கேலி செய்வார்.

முட்டி குணமாகிவிட்டதென்று சொல்ல முடியாது. பனிக்காலத்தில் வீங்கத்தான் செய்தது. கோடையில் கிணறு வற்றிப் பாறை தெரியும்போது முழுசாகவே முரண்டு பிடித்தது. அந்த மாதங்களில் சோலையம்மாள் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை மேட்டில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டிருப்பாள். வாழைமட்டை மாதிரி கிடக்கவிட்டால் எப்படி, மழை வரும்போது நீந்தக் கால் வேண்டாமா என்பாள். சந்தைக்கு மறுபடியும் போனாள். கூடையைச் சின்னச்சாமி சுமந்தார். பாதி வழி நடை, பாதி வழி எதிர்ப்படும் வண்டி. முன்பு ஓடி வந்து அவளைப் பிடித்தவர்கள் இப்போது நின்று கூட்டிப் போனார்கள். அதிலும் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. வழி நெடுகப் பேச ஆள் கிடைத்தது.

உலகச் சண்டைக் காலம் வந்தது. சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று போடி ரயிலின் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தம்பி வீட்டுக்குப் போக வண்டிதான் கட்ட வேண்டும் என்று ஆனது. அவளுக்கு அறுபத்தைந்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த வருஷம் மழை பிந்தி, பிறகு அடித்துப் பெய்து, கிணறு ஏறியது.

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் இரண்டு பெண்களும் தண்ணீரில் கிடந்தார்கள். முனியாயி தன் பிறந்த ஊர் ஊரணியில் அல்லிக்கிழங்கு பறித்த கதையைச் சொன்னாள். கிழங்கு சுடுகிற வாசம் இப்பவும் மூக்கில் நிற்கிறது என்றாள். சோலையம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ஏ புள்ள, கஞ்சி ஆறுது" என்று மேலேயிருந்து சின்னச்சாமியின் குரல் வந்தது.

"இந்தா வாரேன்" என்றாள். சொல்லிவிட்டு, கிணற்றை இன்னொரு சுற்று சுற்றி வர நீந்தத் தொடங்கினாள்.