சாம்பல் போட்டுக் கழுவிய சட்டியோடுகள்

சபூறா விளக்கி வைத்த தேத்தண்ணிக் கேத்தலில் முகம் பார்த்து முக்காடு திருத்தலாம் என்று பக்கத்து வளவு ஸுலைஹா சொல்லிச் சிரிப்பாள். அது கேலியென்றாலும் பொய்யில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் சபூறா. பெற்ற இரண்டு ஆண்பிள்ளைகளும் கலியாணம் முடித்துப் பெண்வீட்டுக்குப் போய்விட்டார்கள். கல்முனைக்குடியில் அந்த வீட்டில் அவளும் புருஷன் றவூபும்தான். ஐந்து வேளைத் தொழுகையும், அதற்கு இடையில் கூட்டுவதும் கழுவுவதுமாக அவள் நாள் போகும். அழுக்கைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு பிறந்த கையோடு ஆமிக்கும் இயக்கத்துக்கும் நடந்த சண்டை நின்றது. தெருவில் மறித்துச் சோதிக்கும் சென்றிகளில் கெடுபிடி குறைந்தது. வருசக்கணக்காக வயல்பக்கம் போகாத ஆட்களெல்லாம் வாவிக்கரை வரைக்கும் போய்வரத் தொடங்கினார்கள். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து கனகரெத்தினம் சேரும் வந்தார்.

அவர் சரித்திரம் படிப்பிக்கிறவர். றவூபின் வயலுக்கு அருகில், வாவியோரத்தில் ஒரு மேடு இருக்கிறது. கால் வைத்த இடமெல்லாம் உடைந்த சட்டி ஓடுகள் கிடப்பதால் அதற்கு ஓட்டுமேடு என்று பெயர். பள்ளக்காணி நிரப்ப அந்த மண்ணைத்தான் டிரக்டரில் அள்ளினார்கள். டிரக்டர் போக வழி வேண்டுமென்று கரையில் தண்ணீருக்குள் வேர்விட்டு நின்ற கண்ணா மரங்களையும் தறித்தார்கள். மேட்டையும் கரையையும் காப்பாற்ற வேண்டுமென்றால் அங்கே அந்தக் காலத்தில் ஆட்கள் வாழ்ந்ததை எடுத்துக் காட்ட வேண்டும் என்று சேர் ஒரு குழி வெட்டினார். எடுத்த ஓடுகளையும் அவற்றோடு கிடைத்த சிப்பிகளையும் பெட்டி பெட்டியாகச் சென்றி தாண்டிக் கொண்டுபோகப் பயந்து, றவூபின் நெல்லறையில் வைத்தார்.

"சட்டிக்குள்ள கரி ஒட்டிக் கிடக்கு காக்கா, அதுதான் முக்கியம்" என்று அவர் முன்னறையில் றவூபிடம் விளக்கினார். "அந்தக் கரியப் பாத்தா அவங்க என்ன சமைச்ச எண்டு கண்டுபிடிக்கலாம். மீனா, சிப்பியா, நெல்லா. அப்ப வாவி எப்பிடி இருந்த எண்டும் தெரியும்."

சபூறா அப்போது குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். சேர் போனபிறகு றவூப் அவளிடம் சொன்னதெல்லாம் ஒரே சொல்தான்: "அந்தப் பெட்டிகள் பத்திரம்."

அவள் பத்திரமாகத்தான் பார்த்தாள்.

றமழானுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. நோன்பு வருகிறதென்றால் அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு வீடு முழுக்கக் கழுவ வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு, பாய்க்கு வெயில், சட்டிபானைக்குச் சாம்பல். நெல்லறைக்கு வந்தபோது பெட்டிகளைக் கண்டாள். சேறும் கரியும் அப்பிய ஓடுகள், ஓரத்தில் எறும்பு. நம்பித் தந்துவிட்டுப் போன மனுசனின் சாமான், நோன்பு மாதத்தில் இப்படியா கிடப்பது? அவளுக்கு மனம் கேட்கவில்லை.

கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். தேங்காய்ப் பொச்சும் அடுப்புச் சாம்பலும் எடுத்து, ஸலவாத்து ஓதி ஓதி, ஒவ்வொரு ஓடாகத் தேய்த்தாள். உள்பக்கம் அடிப்பிடித்த கரிதான் இலேசில் போகவில்லை. அதையும் விடவில்லை. பிறகு வெயிலில் காயவைத்து, பெரிசு கீழே சின்னது மேலே என்று அழகாக அடுக்கினாள். சேர் கண்டால் சந்தோசப்படுவார் என்று நினைத்தபோது அவளுக்கே முகம் மலர்ந்தது.

சேர் வந்து பெட்டியைத் திறந்தார். திரைச்சீலைக்குப் பின்னால் சபூறா காத்துக்கொண்டு நின்றாள். அவர் ஒரு ஓட்டை எடுத்தார், திருப்பினார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். "உள்ளுக்க இருந்த கரியக் காணல்லயே, அதுதானே வேணும்" என்றார்.

றவூபுக்குத்தான் முதலில் விளங்கியது. கிணற்றடியில் அவள் ஓடு காயவைத்தது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"மழ சேர்" என்றார் அவசரமாக. "போன கிழம பெய்ஞ்ச மழ. முகட்டால ஒழுகி, பெட்டியெல்லாம் தண்ணியாப் போய்த்து."

அப்போதுதான் தான் செய்தது என்னவென்று சபூறாவுக்கு விளங்கியது. திரையை விலக்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திரையைப் பிடித்தபடியே நின்றாள்.

சேர் பெருமூச்சு விட்டார். "மழைக்கு ஆர் என்ன செய்ற, காக்கா? தண்ணிதானே. ஓட்டுக்குள்ள ஊறினது மிச்சம் இருக்கும். கொழும்புக்கு அனுப்பிப் பாப்பம்." பெட்டிகளைச் சைக்கிளில் கட்டியபடி, "உங்களுக்கும் கரைச்சல் தந்திட்டன்" என்றார்.

அவர் போனதும் சபூறா வெளியே வந்தாள். "என்னத்துக்குப் பொய் செல்லின?"

"பின்ன? என்ட பொஞ்சாதி அள்ளிக் கழுவிப்போட்டாள் எண்டு செல்லவா? ஊர் சிரிக்கும்."

அடுத்தநாள் சேர் ஒரு படங்கைக் கொடுத்தனுப்பியிருந்தார். தன் வீட்டு விறகை மூடியிருந்த படங்கு. நோன்பு வருவதால் ஒழுக்குக்கு மேலே இழுத்துக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

ஒழுகாத முகட்டின் கீழே அந்தப் படங்கை மடியில் வைத்துக்கொண்டு சபூறா இருந்தாள். அஸர் தொழுகைக்கு ஒளு எடுத்தபோது கை, முகம், கால் எல்லாம் கழுவினாள். தொழுகைப் பாயில் நின்றபோது கழுவாத ஏதோ ஒன்றோடு நிற்பதுபோலவே இருந்தது. இந்தப் பொய்யோடு எப்படித் தலைநோன்பு பிடிப்பது?

"நான் பாண்டிருப்புக்குப் போகப் போறன்" என்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா? நம்மட ஆக்களும் தமிழாக்களும் அடிபட்ட பிரச்சினைக்குப் பொறகு அந்தப் பக்கம் நீ கால் வெச்சதா?"

"நீங்க வராட்டி நடந்து போவன்."

றவூப் முணுமுணுத்தபடி சைக்கிளை எடுத்தார். வேலியோரம் நின்ற ஸுலைஹா விடவில்லை. "என்னகா, புதுமாப்பிள பொண்ணு மாதிரி எங்க சவாரி?" சபூறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பின்சீற்றில் உட்கார்ந்து, சந்தையைக் கடந்து, சென்றியைக் கடந்து போனாள். சேரின் வாசல் படலையடியில் றவூப் இறங்கி, ஹேண்டிலைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

முன்விறாந்தையில் சேரின் மனைவி செல்லத்தங்கம் பார்சலுக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். ஓடுகள் கொழும்புக்குப் போக ஆயத்தமாகியிருந்தன. "வாங்க ராத்தா, இருங்க" என்று எழும்பினாள். சேரும் வந்தார்.

சபூறா இருக்கவில்லை. படங்கை நீட்டினாள். "எங்கட முகடு ஒழுகல்ல சேர். மழ இல்ல. நான்தான் கழுவின."

செல்லத்தங்கத்தின் ஊசி நின்றது. சேர் மெதுவாகக் கேட்டார்: "எதால கழுவின நீங்க?"

"சாம்பலும் பொச்சும்."

"எந்தச் சாம்பல்?"

"எங்கட அடுப்புச் சாம்பல்தான்."

சேர் கதிரையில் சரிந்தார். தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நல்லவேளை வந்து சொல்லிட்டீங்க" என்றார். "உங்கட அடுப்புச் சாம்பலை அந்தக் காலத்துச் சாம்பல் எண்டு நினைச்சு, றவூப் காக்கா திண்ட புளியாணத்தையெல்லாம் பழைய ஆக்கள்ற சாப்பாடு எண்டு எழுதியிருப்பாங்க. அதுல என்ட பேரும் இருந்திருக்கும்."

"நானெண்டா கழுவி மஞ்சளும் பூசி வெச்சிருப்பன்" என்று செல்லத்தங்கம் சிரித்தாள். "எனக்கும் இவர் ஒண்டும் விளங்கப்படுத்திறயில்ல, ராத்தா."

படலையடியில் நின்ற றவூபும் அதைக் கேட்டு வாயைப் பொத்தினார். சபூறாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். சேர் பார்சலைப் பிரித்து, அவள் பளிச்சென்று தேய்த்த ஓடுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். கடைசியில் அவள் தேய்க்காமல் விட்ட சிப்பிகள் மட்டும்தான் மிஞ்சின. அது மட்டும் போதுமா என்று அவள் கேட்கவில்லை. அவர் முகத்திலேயே பதில் இருந்தது.

"காக்கா, உள்ளுக்கு வாங்க" என்று சேர் கூப்பிட்டார். றவூப் வந்து, "மன்னிச்சிக்கங்க சேர்" என்று தூணைப் பார்த்துச் சொன்னார்.

சேர் அந்தப் படங்கைத் திருப்பி வாங்கவில்லை. "வெச்சிருங்க. பெருநாள் முடிய இன்னொரு குழி வெட்டுவம். அதையும் உங்கட அறையிலதான் வைப்பன். அதுக்கு மேல மூடுங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் படங்கு அவள் மடியில் கல்லாய்க் கனத்தது. நம்பாமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

அவள் நோன்பு பிடித்தாள். இரண்டாவது குழிக்காகத் துஆவும் கேட்டாள். பெருநாள் முடிந்தது, பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்று சேருக்குக் கொஞ்சம் சுணங்கியது. சித்திரையில் திரும்பவும் சண்டை தொடங்கிவிட்டது. பாதை மூடப்பட்டது. சிப்பிகளை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது என்று கொழும்பிலிருந்து பதில் வந்ததாக றவூப் கேள்விப்பட்டு வந்து சொன்னார். அந்த வெயில் காலத்திலேயே டிரக்டர்கள் ஓட்டுமேட்டுக்குத் திரும்பிவிட்டன. மண் ஏற்றிக்கொண்டு அவை தெருவால் போகும்போது சபூறா உள்ளே போய்விடுவாள்.

அடுத்த றமழானுக்கு முதல் வழமைபோல வீடு முழுக்கக் கழுவினாள். கூடமாட உதவிக்கு வந்த ஸுலைஹா நெல்லறையை எட்டிப் பார்த்தாள். மூலையில் மடித்த படங்கு. அதற்குப் பக்கத்தில், பெட்டிகள் இருந்த இடத்தில், அவற்றிலிருந்து கொட்டுண்ட மேட்டு மண்.

"என்னகா, உனக்குக் கண் மங்கிப் பெய்த்தா? இஞ்ச பாரு மண். தும்புத்தடியத் தா, நான் கூட்டுறன்."

சபூறா தும்புத்தடியைக் கொடுக்கவில்லை.

"அது கிடக்கட்டும்" என்றாள். கதவை இழுத்துச் சாத்திவிட்டு, கிணற்றடிக்குப் போய்க் கேத்தலை விளக்கத் தொடங்கினாள்.