மஞ்சள் கண்ணும் மனைவியின் சந்தேகமும்

ஒரு வாரமாக என் கண் மஞ்சளாக இருக்கிறது. ஷிப்ட் முடிந்ததும் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் குடித்துவிட்டு வருகிறேன் என்று மனைவிக்குச் சந்தேகம். நான் குடிப்பதே இல்லை.

இன்று ஓசூரில் டாக்டரிடம் போனோம். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தவர், "ஈரல் பாதிச்சிருக்கு. குடிப்பீங்களா?" என்றார்.

"இல்லைங்க சார்."

"நல்லாக் கேளுங்க டாக்டர்," என்றாள் மனைவி.

பயத்தோடு அவமானமும் சேர்ந்துகொண்டது.

டாக்டர் என் மாத்திரைகளை வாங்கிப் பார்த்தார். "புதுசா ஆரம்பிச்ச இந்த பிரஷர் மாத்திரைதான் காரணமா இருக்கும். சிலருக்கு ஒத்துக்காது. மாத்தித் தரேன், ஈரல் தேறிடும்."

நிம்மதியாக வெளியே வந்தோம். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். அங்கே மனைவி மெதுவாகக் கேட்டாள்: "அந்த டாக்டரு உங்களுக்கு முன்னாடியே பழக்கமா?"

கல்யாணமானவர்கள் யாராவது ஒரு பதில் சொல்லிக் கொடுங்கள்.