ஹெப்ரான் அண்ணனின் காதுப் பஞ்சு

இடது காதுப் பஞ்சை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வலது காதில் பஞ்சு அப்படியே இருந்தது. நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தணிந்த குரலில் கேட்டார்: "யாரு தவறுனது?"

"யாரும் தவறல வே. மருமவன் தேறிட்டான்" என்றார் என் மாமா.

ஹெப்ரான் அண்ணனை நான் முதலில் பார்த்தது அப்படித்தான். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது காசிலிங்கம் அண்ணாச்சியின் பிளெக்ஸ் கடை. அங்கே பேனருக்கு வாசகம் எழுதுகிறவர் ஹெப்ரான் அண்ணன். ஆழ்வார்திருநகரிக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் கல்லூரியை முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. அதற்கு ஊர் முக்கில் பேனர் வைக்க வேண்டும், என் படத்துக்குப் பின்னால் ஒரு சிங்கம் நிற்க வேண்டும் என்று மாமா பிடிவாதமாக இருந்தார்.

"சிங்கம் எந்தக் காலேஜ்ல படிச்சுது?" என்று கேட்டார் ஹெப்ரான் அண்ணன்.

"எல்லாரும் வைக்காவல்லா?" என்றார் மாமா.

"அதனாலதான் கேக்கேன்."

"சரி, சிங்கம் வேண்டாம். மூஞ்சியையாவது கொஞ்சம் வெளுப்பாக்கும்."

"வெயில்ல நின்னு படிச்ச மூஞ்சி. அது பாட்டுக்கு இருக்கட்டும் அண்ணாச்சி."

பிறகு என்னைப் பார்த்து, "பாஸுன்னு தெரிஞ்சதும் வீட்டுல யாரு என்ன செஞ்சாவ?" என்றார். அம்மா நடவில் நின்றாள், கையிலிருந்த நாற்றுமுடியைக் கீழே வைக்காமலே, அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டாள் என்றேன். அதையே அவர் பேனரில் எழுதினார். சிங்கம் இல்லாத பேனருக்காக மாமா அவரை ஊர் போய்ச் சேரும் வரை திட்டிக்கொண்டு வந்தார். மறுவாரம் டீக்கடையில் அந்த வரியைத் தானே சொல்லிக்கொடுத்து எழுதவைத்ததாகப் பேசிக்கொண்டிருந்தார்.

அந்தக் கடைக்கு மேல்மாடியில் அரசுத் தேர்வுக்கான பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. நான் அதில் சேர்ந்ததால், படியிறங்கும்போதெல்லாம் அண்ணனைப் பார்க்க வாய்த்தது.

கல்யாணம், காதுகுத்து எல்லாம் அச்சடித்தாலும் அந்தக் கடை நடப்பது கண்ணீர் அஞ்சலியால்தான். மற்ற கடைகளில் இதற்கு யோசனையே தேவையில்லை. இமயம் சரிந்தது, தீபம் அணைந்தது, மலர் உதிர்ந்தது என்று கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும். படத்தையும் பேரையும் மாற்றினால் வேலை முடிந்தது. சைக்கிள் கடைக்காரர் செத்தாலும் இமயம், சீட்டுக் கம்பெனிக்காரர் செத்தாலும் இமயம். நம் மாவட்டத்தில் மட்டும் எத்தனை இமயம்தான் சரியும்?

ஹெப்ரான் அண்ணன் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து ஒரு கேள்வி கேட்பார். "அவுக வீட்டுக்கு வாராவன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" வந்தவர்கள் முதலில் விழிப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். கேட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு இருமல் இருமுவாவ. செருப்பைச் சுவரில் தட்டுவாவ. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர்களுக்கு உடையும். அவருக்கும் உடையும். கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டச்சு செய்வார். கீரை விற்ற ஞானம்பாள் ஆச்சிக்கு அவர் எழுதியது எனக்கு மனப்பாடம்: "தெரு திரும்பும்போதே எங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாய். இப்போது தெரு மட்டும் திரும்புகிறது."

ஒரு தடவை நானும் கெட்டிக்காரத்தனமாக ஒன்று சொல்லிப் பார்த்தேன். இறந்தவர் பஸ் கண்டக்டர். 'விசில் அடிக்காமலே புறப்பட்டுவிட்டாயே' என்று போடலாமே என்றேன். அவர் தலையை ஆட்டினார். "இது கைதட்டு வாங்குத வரி தம்பி. துட்டி வீட்டுல யாரும் கைதட்டக் கூடாது."

உடம்பே அவருக்கு அப்படி. அச்சு மெஷின் இரைச்சல் தாங்காது, அதற்குத்தான் பஞ்சு. மை வாடைக்குத் தலை இடிக்கும். யாராவது சத்தம் போட்டால் கண் கலங்கிவிடும். ஒரு துக்கத்துக்கு எழுதினால் அந்தப் பேனர் தெருவில் ஏறும் வரை சோறு இறங்காது. "வாரத்துக்கு மூணு அடக்கம் எங்க வீட்டுலதான் நடக்கு. முன்னப் பின்னத் தெரியாதவுகளுக்கெல்லாம் நானும் சேந்து பட்டினி கெடக்கேன்" என்பார் அவர் மனைவி டார்லின் அக்கா. சொல்லிவிட்டு, மூடிவைத்த தட்டைத் திறந்து மறுபடி அவர் முன்னால் தள்ளுவார்.

மார்க்கெட்டில் அவருக்குப் பேர் 'தொட்டாச்சிணுங்கி'. காய்கறிக் கடை முதல் டீக்கடை வரை அதுதான். "ஏலே, தொட்டாச்சிணுங்கி வாரான், பைய பேசுங்கலே, பொசுக்குன்னு அழுதுருவான்" என்பார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கும். இப்படிக் கூப்பிட்ட வாய்கள்தாம், சொந்த வீட்டில் ஒரு துக்கம் விழுந்ததும் மற்ற கடைகளையெல்லாம் தாண்டிவந்து, "ஹெப்ரான் இருக்காரா?" என்று மரியாதையாகக் கேட்கும். காரியம் முடிந்ததும் பழையபடி தொட்டாச்சிணுங்கி. ஆம்பளை அழலாமா என்று கேட்கிற ஊர், தன் அழுகையை மட்டும் அவரிடம் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்கிறது.

போன ஆடியில் ஆற்றில் குளிக்கப் போய் மூழ்கிவிட்ட ஒரு பையனுக்கு எழுதினார். எழுதிய மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை, கடைக்கு வரவில்லை. அன்றைக்குப் பார்த்துத் தையல்காரர் தேவமணி இறந்துபோனார். காசிலிங்கம் அண்ணாச்சி கம்ப்யூட்டரைத் திறந்து, ஞானம்பாள் ஆச்சி படத்தை எடுத்துவிட்டுத் தேவமணி படத்தை வைத்து, பேரை மாற்றி அடித்துக்கொடுத்துவிட்டார்.

அடுத்த நாள் அண்ணன் கடைக்கு வந்தார். கொஞ்ச நேரத்தில் தேவமணியின் மகன் ஜோஷுவாவும் வந்தான். பின்னால் நாலு பேர். நான் அப்போது படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"யாருவே இங்கன எழுதுதது?"

காசிலிங்கம் அண்ணாச்சி தயங்கவே இல்லை. "நம்ம கவிஞருதான்" என்று கையைக் காட்டினார்.

"எங்கப்பா யாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு? அவருக்குப் பொறவியிலேயே காதும் கேக்காது, பேச்சும் வராது. ஒரு நாளு என் பேரைச் சொல்ல மாட்டாரான்னு நான் ஏங்கிக் கெடந்திருக்கேன் வே. செத்த பொறவு நக்கல் பண்ணுதியளா?"

ஹெப்ரான் அண்ணனின் முகம் வெளிறிவிட்டது. நான் எழுதவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, அண்ணன் நேத்து வரவே இல்லியே" என்றேன்.

"நீ படிக்க வந்த பய. மேல போய்ப் படி" என்றார் காசிலிங்கம் அண்ணாச்சி. ஹெப்ரான் அண்ணனின் கண்ணில் நீர் கட்டியதைப் பார்த்ததும், வந்தவர்களிடம் சிரிக்க வேறு செய்தார். "பாத்தியளா, அழுதுட்டாரு. இதுக்கு மேல அவரை என்ன சொல்ல?"

செய்யாத தப்புக்கு ஒரு மனுஷன் குனிந்து நிற்கிறான், செய்தவன் அவன் கண்ணீரைக் காட்டித் தப்பிக்கிறான். எந்த ஊர் நியாயம் இது?

ஹெப்ரான் அண்ணன் இரண்டு காதுப் பஞ்சையும் எடுத்தார். "தம்பி, அப்பா வீட்டுக்கு வந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஜோஷுவா அடிக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். அவன் பதில் சொல்ல ஆரம்பித்தான். "கதவை ஓங்கிச் சாத்துவாரு. எம்புட்டுச் சத்தம்னு அவருக்குத் தெரியாதுல்லா? தெருவே முழிச்சிக்கிடும். நாங்க போட்டுத் திட்டுவோம்..." ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

அங்கேயே எழுதினார்: "கதவைப் பையச் சாத்து என்று திட்டினோம். உனக்குக் கேட்கவில்லை. இப்போது கதவு பையத்தான் சாத்துகிறது. எங்களுக்குத் தாங்கவில்லை."

நாலு பேர் நின்றதால் அண்ணாச்சி வாயைத் திறக்காமல் புதிதாக அடித்துக்கொடுத்தார். அந்தப் பேனரை யாரோ படம் எடுத்து அனுப்ப, அது போன் போனாகச் சுற்றியது. இரண்டாம் நாள் அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம்.

"பிச்சிட்டீரு கவிஞரே! பாபநாசத்துலருந்து ஒரு பார்ட்டி அந்தக் கதவு வரியைக் கேக்காவ. பேரை மட்டும் மாத்தும்."

"அவுக அப்பாவுக்கும் காது கேக்காதா?"

"கேட்டா என்ன, கேக்காட்டா என்ன வே?"

"அது தேவமணி அண்ணனுக்கு எழுதுனது, அண்ணாச்சி. அடுத்தவுகளுக்குக் குடுக்க முடியாது. நீங்க ஞானம்பாள் ஆச்சி வரியை எடுத்ததே தப்பு. பாபநாசத்துக்காரவுகளை வரச் சொல்லுங்க, கேட்டு எழுதித் தாரேன்."

"செத்தவன் வந்து கேக்கப் போறானா? வரின்னா கல்யாணத்துக்கு எடுக்குத வாடகைப் பாத்திரம் மாதிரி. ஒருத்தன் தின்னு முடிச்சா கழுவி அடுத்தவனுக்குக் குடுக்க வேண்டியதுதான். கம்ப்யூட்டர் என்னுது, கரண்டு என்னுது. வரி மட்டும் ஒம்மதா?"

"என்னுதும் இல்ல. அவுகளுது."

அந்தக் கடையில் ஆறு வருஷமாக எழுதிய வரிகள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் கிடந்தன. ஹெப்ரான் அண்ணன் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்தார். அழித்துவிடட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. "ஆமா" என்று வாய்விட்டே பதில் சொல்லி, அழுத்தினார். படியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே! கடைச் சொத்துலே அது!" என்று கத்தினார் அண்ணாச்சி. ஆறு வருஷம் மரியாதையாக 'வே' போட்டுப் பேசியவர் ஒரே அழுத்தில் 'லே'வுக்கு வந்துவிட்டார். மார்க்கெட்டே வேடிக்கை பார்த்தது. தொட்டாச்சிணுங்கிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அன்று சாயங்காலமே பேச்சு. அவர்கள் வீட்டுத் துக்கமும் அழிந்த வரிகளில்தான் இருந்தது என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இப்போது ஹெப்ரான் அண்ணன் மேலப்பாளையத்தில், தஸ்மியா அக்காவின் ஜெராக்ஸ் கடையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். பகலெல்லாம் மனு, விண்ணப்பம் என்று தட்டச்சு. யாராவது துக்கத்தோடு வந்தால் அதே கேள்வி. அச்சடிப்பது வெளியில். வரும்படி முன்னைவிடக் குறைவுதான். அவருக்கு இரைச்சல் ஆகாது என்று தஸ்மியா அக்கா மெஷினை உள்ளறைக்கு மாற்றிவிட்டார். நாளெல்லாம் காதில் பஞ்சில்லாமல் அண்ணனை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான்.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது காசிலிங்கம் அண்ணாச்சி வந்தார். கையில் அல்வாப் பொட்டலம்.

"என்ன வே, கோவமா? ஒம்ம சீட்டு காலியாத்தான் கெடக்கு. நீரு வராட்டாலும் பரவால்ல. அழிச்சதுல ஞாபகம் இருக்கத மட்டும் சொல்லும், பையன் எழுதிக்கிடுவான். அந்தக் கதவு வரி, தெரு திரும்புத வரி..."

ஹெப்ரான் அண்ணன் சட்டைப் பைக்குள் விரலை விட்டுத் துழாவினார். ஒரு துண்டுப் பஞ்சு வந்தது. அதை இரண்டாகப் பிய்த்து, பைய உருட்டி, முதலில் வலது காதை அடைத்தார். பிறகு, யார் வந்தாலும் திறந்து வைக்கும் அந்த இடது காதையும்.