ஏழு பேர் ஆட்டத்துக்கு முப்பத்தொரு பேர்

ஏழு பேர் விளையாடும் ஆட்டத்துக்கு முப்பத்தொரு பேரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மிச்சம் இருபத்துநாலு பேருக்கும் வாராவாரம் சமாதானம் சொல்கிறவனுக்கு அணி முகாமையாளர் என்று பெயர். கல்யாணத்துக்கு ஆள் கணக்குப் போட்டவர்கள், பழைய மாணவர் சங்கத்துக்குச் செயற்குழு தெரிவு செய்தவர்கள் எல்லாரும் என் இனம். உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அல்டிமேட் பிரிஸ்பீ என்பது ஒரு பிளாஸ்டிக் தட்டை எறிந்து எறிந்து கொண்டுபோய், எதிர்ப்பக்கத்துக் கோல் பகுதிக்குள் நிற்கும் நம் ஆளைப் பிடிக்க வைக்கும் ஆட்டம். நடுவர் கிடையாது. பவுலா, கோடு தாண்டியதா என்பதையெல்லாம் விளையாடுகிறவர்களே கதைத்துத் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம். அதனால் எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று யாரோ ஒரு புண்ணியவான் நினைத்துவிட்டான். அந்தப் புண்ணியவான் நான்தான்.

சமநிலை

கொழும்பில் நாங்கள் தொடங்கும்போது பதினாலு பேர். வெள்ளவத்தை ஏழு, கொட்டாஞ்சேனை ஏழு. அதோடு நிறுத்தியிருந்தால் இன்று எனக்கு இரத்த அழுத்தம் இருந்திராது. வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் சேர்ந்தால் கொட்டாஞ்சேனைக்காரரின் முகம் சுருங்கும். அடுத்த ஞாயிறே கோயில் பாடகர் குழுவிலிருந்து ஒருவரைக் கூட்டிவருவார்கள். உடனே இந்தப் பக்கத்துக்கு ரோஷம் வந்து, டியூஷன் வகுப்பில் கூடப் படித்தவனின் மச்சானைக் கொண்டுவருவார்கள். தட்டு எறியத் தெரியுமா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. அப்படிக் கேட்பது மரியாதையில்லை.

ஒருநாள் எங்கள் அடுக்குமாடியின் லிப்டில் நாலாம் மாடி அன்ரி என்னை மடக்கினார். தன் மகளைச் சேர்க்க வேண்டுமாம். ஏற்கெனவே இருபத்தொன்பது பேர் என்றேன். எந்தத் தாயும் தன் பிள்ளையைப் பற்றிச் சொல்லாத ஒரு தகுதியை அவர் எடுத்து வைத்தார்: "அவவுக்கு ஓடவே தெரியாது தம்பி, அதாலதான் உங்களிட்ட அனுப்புறன்."

எட்டாவது ஆள்

அன்டன் அண்ணாவை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். கொட்டாஞ்சேனைக்காரர், வயது நாற்பத்துநாலு, துறைமுகத்தில் கிளார்க். கிழமையில் ஆறு நாளும் கொள்கலன் இலக்கங்களைப் பார்த்துப் பதிவார். ஏழாம் நாள் இரண்டு பஸ் ஏறி எல்லாருக்கும் முதல் மைதானத்துக்கு வந்து, கோடு காட்டும் கூம்புகளை அடி அளந்து வைப்பார். அந்த வேலையில் அவரை அடிக்க ஆளில்லை. ஓட்டத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

தெமட்டகொடை அணியோடு ஒரு போட்டி. அவர்களிடம் மொத்தமே ஒன்பது பேர். எங்கள் கப்டன் கஜன் ஏழு பேரைப் பெயர் சொல்லி உள்ளே அனுப்பினான். ஒரு மணி நேரமாக வெளியில் நிற்கும் அன்டன் அண்ணாவைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கஜனைக் கேட்காமல், "அண்ணா, நீங்களும் போங்கோ" என்றேன். எட்டுப் பேர் இறங்கிவிட்டார்கள். எண்ணிப் பார்க்க நடுவர் இல்லை. எட்டுப் பேரோடு விளையாடி, அந்தக் கோலை ஏழு பேரிடம் தோற்றோம் என்பது எங்கள் அணியின் வரலாற்றுச் சாதனை.

போட்டி முடிந்ததும் மன்னிப்புக் கேட்கலாம் என்று தெமட்டகொடை கப்டன் நதீகாவிடம் போனேன். சிங்களத்தில் அண்ணா என்று விளித்து, மிச்சத்தைத் தமிழில் சொல்லி அவள் என்னைத் தேற்றினாள்: "அய்யே, எட்டுப் பேர் எண்டு அப்பவே கண்டம், ஆனா அந்த எட்டாவது ஆளால எங்களுக்கு ஒரு கரைச்சலும் வரேல்ல."

ஒரு கோல் நேரம்

முப்பத்தொரு பேர் இருந்தால் ஒருவருக்கு ஒரு நாளில் கிடைப்பது இரண்டு மூன்று கோல் நேரம். கஜனுக்கு வெறி வந்துவிட்டால் அதுவும் இல்லை. கெட்டிக்காரர் பத்துப் பேரையே சுற்றிச் சுற்றி இறக்குவான். மிச்சப் பேர் கைதட்டுவதற்கு வந்தவர்கள். நாங்கள் அதை அணி உணர்வு என்று அழைத்தோம்.

ஒரு சுற்றுப்போட்டியில் அன்டன் அண்ணாவுக்கு நாள் முழுக்கக் கிடைத்தது ஒரேயொரு முறை. எதிரணி எறிந்த முதல் தட்டையே எங்கள் பெண்ணொருத்தி பிடித்து நீளமாக எறிய, அங்கே ஒருவன் பிடிக்க, கோல். அவ்வளவுதான். வழக்கம்போல ஏழு பேரும் மாறினார்கள். காலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்து புறப்பட்ட மனிதர், கோபிப்பார் என்று பயந்து பக்கத்தில் போய் நின்றேன். வியர்க்காத முகத்தோடு அவர் சொன்னார்: "சப்பாத்துக் கயிறு கட்டி நிமிர முதல் முடிஞ்சுது தம்பி, பரவாயில்லை, போட்டோவில நான் உள்ளுக்குத்தான் நிக்கிறன்."

கொள்கைவாதி

இந்த நிலையில்தான் போட்டிகளை நடத்தும் பிரிஸ்பீ சங்கம் கூட்டம் வைத்தது. ஒரு அணிக்கு இருபது பேருக்கு மேல் கூடாது என்று நதீகா பிரேரணை கொண்டுவந்தாள். அவள் கேட்டது நியாயம்தான். மத்தியான வெயிலில் அவளுடைய ஆட்கள் மூச்சுவாங்கி நிற்க, எதிரில் கோலுக்குக் கோல் புதுசாக ஏழு பேர் இறங்கினால் அது என்ன போட்டி? பெரிய அணிக்காரர் விடவில்லை. விளையாட்டின் வளர்ச்சி என்றார்கள், யாரையும் ஒதுக்கக் கூடாது என்றார்கள். ஒருவர் கண்கலங்கவும் செய்தார். அவருடைய அணியில் முப்பத்தாறு பேர்; பாதிப் பேரின் பெயர் அவருக்கே தெரியாது.

வாக்கெடுப்பில் நான் கை உயர்த்தினேன், வரம்பு வேண்டும் என்று. மண்டபமே திரும்பிப் பார்த்தது. உண்மையான காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். 'உங்களுக்கு இடமில்லை' என்று ஒருவரிடம் சொல்ல எனக்கு இந்த ஜென்மத்தில் வாய் வராது. இனி அதைச் சட்டம் சொல்லும், நான் தலையை ஆட்டினால் போதும் என்ற சந்தோசத்தில் என் கை தானாகவே உயர்ந்தது. பிரேரணை நிறைவேறியது. நதீகா ஓடிவந்து கையைப் பிடித்தாள்: "உங்களுக்குத்தான் பெரிய நட்டம், எண்டாலும் கை உயர்த்தினீங்க, உங்கட மனசு யாருக்கு வரும் அய்யே!"

புதுக் குரூப்

சட்டம் வந்தது. ஆனால் பதினொரு பேரின் வீட்டுக் கதவைச் சட்டம் போய்த் தட்டவில்லை. அதற்கும் நானே போக வேண்டுமாம். கஜனும் நானும் இருந்து பட்டியலை வெட்டினோம். அன்டன் அண்ணாவின் பெயருக்கு வந்ததும் கஜன் என்னைப் பார்த்தான், நான் மின்விசிறியைப் பார்த்தேன். கோடு விழுந்தது.

பிறகு நான் ஒரு தந்திரம் செய்தேன். பழைய வாட்ஸ்அப் குரூப்பை அப்படியே விட்டுவிட்டு, இருபது பேரோடு புதிதாக ஒன்றைத் தொடங்கினேன். பயிற்சியையும் ஹெந்தளைப் பக்கம் ஒரு மைதானத்துக்கு மாற்றினேன். பழைய குரூப்பில் ஒன்றும் எழுதவில்லை. ஆட்கள் தாங்களாகவே விளங்கிக்கொள்வார்கள் என்பது என் திட்டம். பத்துப் பேர் விளங்கிக்கொண்டார்கள். ஞாயிறு காலை ஹெந்தளையில் நிற்கும்போது போன் அடித்தது. பழைய மைதானத்தில் கூம்பெல்லாம் வைத்துவிட்டு ஒரு மணி நேரமாகக் காத்திருந்தவரின் குரலில் உண்மையாகவே கவலை இருந்தது: "என்ன தம்பி, குரூப்பில ஒரு சத்தமும் இல்லை, எல்லாருக்கும் காய்ச்சலோ எண்டு பயந்திட்டன்."

கோடு

"ஓம் அண்ணா, காய்ச்சல்தான்" என்று நான் பதில் சொன்னேன். எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாளில் யாரோ அவருக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு மாதம் கழித்து அரையிறுதியில் தெமட்டகொடை அணி எங்களுக்கு எதிராக இறங்கியபோது, ஒன்பது பேர் பத்துப் பேராகியிருந்தார்கள். பத்தாவது ஆள் அன்டன் அண்ணா.

வேறு வழியில்லாமல் நதீகா அவரை ஓடவிட்டிருக்கிறாள். மனிதர் மெலிந்திருந்தார். ஆட்டம் சமநிலையில் வந்து, அடுத்த கோல் போட்ட அணிக்கு வெற்றி என்ற கட்டம். நதீகா எறிந்த தட்டை அன்டன் அண்ணா மூலையில் பாய்ந்து பிடித்தார். கோல் என்று அவளுடைய ஆட்கள் குதித்தார்கள். கால் வெளியில் என்று கஜன் கத்தினான். காலடியைப் பார்க்கக்கூடிய இடத்தில் நின்றவர் அவர் மட்டும்தான். சத்தம் அடங்கியது. அவர் குனிந்து தன் சப்பாத்தையும் கோட்டையும் நிதானமாகப் பார்த்தார். "வெளியில" என்றார். தட்டு எங்கள் கைக்கு வந்தது. அடுத்த நிமிடம் நாங்கள் கோல் போட்டு, வென்றோம்.

கைகுலுக்கும் வரிசையில் அவர் முன்னால் வந்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தோற்ற மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. என் கையை விடாமல் சொன்னார்: "உங்கட டீமில ரெண்டு வருசம் நிண்டன் தம்பி, என்னட்ட ஒருத்தரும் ஒண்டும் கேட்டதில்லை, இண்டைக்குப் பதின்மூண்டு பேர் நிண்டு நான் என்ன சொல்லப்போறன் எண்டு பாத்தவை."

அணிக்கு ஆள் வரம்பு வேண்டுமா என்று இப்போது யாராவது கேட்டால், கட்டாயம் வேண்டும், ஆனால் பட்டியலில் முதலில் வெட்ட வேண்டிய பெயர் முகாமையாளருடையது என்று சொல்லிவிடுகிறேன்.